தோள் தசைநார் ஆபரேஷனில் பி.ஆர்.பி. (சொந்த ரத்தத்தில் எடுக்கும் தட்டணு ஊசி) போட்டவங்க, போடாதவங்க: அனுபவம் சொல்லுங்க

திருச்சி டீச்சர்
27 வருஷம் கரும்பலகையில் எழுதிய கை. பஸ்ஸில் மேல்கம்பியைப் பிடித்து நின்றிருந்தேன், டிரைவர் போட்ட பிரேக்கில் வலது தோளில் 'பொட்'டென்று ஏதோ விட்டது. எம்.ஆர்.ஐ.யில் கையைத் தூக்க உதவும் சுப்ராஸ்பினேடஸ் தசைநார் முழுசாகக் கிழிந்திருந்தது, பெரிய கிழிசல். துளை போட்டுத் தைக்க நாள் குறித்த பிறகு, "பி.ஆர்.பி.யும் சேர்த்துப் போட்டுக்கறீங்களா?" என்றார்கள். இன்சூரன்ஸில் வராது, கைக்காசு. அரைமனசோடு சரி என்றேன்.

முழங்கை மடிப்பில் ரத்தம் எடுத்து மெஷினில் சுற்றிவிட்டு, லேப் தம்பி குழாயைக் காட்டினார். அடியில் கருஞ்சிவப்பு, மேலே வைக்கோல் நிறத் தெளிவு, நடுவில் பாலாடை மாதிரி மெல்லிசாக ஒரு வெள்ளைக் கோடு. "அதை ஒட்டித்தான் மேடம் சரக்கு" என்றார். டெங்கு வந்தால் எண்ணிக்கை பார்த்துப் பதறுவோமே, அதே தட்டணுக்கள். அவற்றைத் திரட்டித் தைத்த இடத்தில் விட்டால், அவை விடும் வளர்ச்சிக் காரணிகள் தசைநார் எலும்போடு ஒட்ட உதவும் என்பது கணக்கு.

ஆறு வாரம் கைத்தூளி. சாய்வு நாற்காலியில்தான் தூக்கம். தலை பின்னிவிட்டது மகள். இப்போது ஐந்து மாதம், கொண்டை நானே போட்டுக்கொள்கிறேன். ஊசியாலா, தையலாலா, பிசியோவாலா, யாருக்குத் தெரியும்?

கோவை, லேத் பட்டறை
அக்கா, எனக்குச் சின்னக் கிழிசல். டாக்டரே "உங்களுக்கு இது தேவையில்லை, அந்தக் காசுக்கு ஒழுங்கா பிசியோ போங்க"ன்னுட்டார். 2011-ல் இத்தாலியில் 88 பேரிடம் சோதித்தார்களாம். சின்ன, நடுத்தரக் கிழிசல்தான் எல்லாருக்கும். போட்டவர், போடாதவர் இடையே பெரிய வித்தியாசம் இல்லை. நான் போடவில்லை. ஏழாவது மாதம் மறுபடி லேத் வேலையில் இறங்கிவிட்டேன்.

மதுரை, அப்பாவுக்காக எழுதுகிறேன்
எங்களுக்குக் கசப்பு. அப்பாவுக்கு 63 வயசு, 15 வருஷச் சர்க்கரை. "பி.ஆர்.பி. போட்டா நூத்துக்கு நூறு ஒட்டிடும்"னு ஆஸ்பத்திரியில் அடித்துச் சொன்னார்கள். நம்பிக் கட்டினோம். அஞ்சாவது வாரம் மோட்டார் ரிப்பேர். மனுஷன் தூளியைக் கழற்றி வைத்துவிட்டுத் தொட்டியிலிருந்து ஒரு வாளி தண்ணீர் தூக்கியிருக்கிறார். ஒரே ஒரு வாளி! ஆறாம் மாத ஸ்கேனில் மறுபடி கிழிசல். இதில் வாளியைத் திட்டுவதா, சர்க்கரையையா, அந்த 'நூத்துக்கு நூறை'யா? வலிக்கு மெடிக்கலில் டைக்ளோஃபெனாக் வேறு வாங்கிப் போட்டிருக்கிறார். அந்த வகை மாத்திரை தட்டணுக்களின் வேலையைத் தடுக்கலாம், ஊசி போட்ட சமயத்தில் கூடாது என்று பிறகுதான் சொன்னார்கள்.

பிசியோதெரபிஸ்ட், தஞ்சாவூர்
மதுரை தம்பி, அஞ்சாவது வாரம் ரொம்ப மோசமான காலம். வலி குறைந்திருக்கும், ஆனால் உள்ளே தையல்தான் தாங்கிக்கொண்டிருக்கும். அப்பாவை மட்டும் குறை சொல்லாதீர்கள், பெரிய கிழிசலும் வயசும் சர்க்கரையும் சேர்ந்தால் மறுகிழிசல் சகஜம். கோவைக்காரர் சொன்னது சரி. ஆனால் டீச்சருடையது மாதிரிப் பெரிய கிழிசலில் கதை வேறு. 2013-ல் கொரியாவில் வந்த ஆய்வில் போட்டவர்களில் 20 சதவீதம், போடாதவர்களில் 55.6 சதவீதம் பேருக்கு மறுபடி கிழிந்தது. மொத்தமே 48 பேர் என்பதையும் மறக்க வேண்டாம். தவிர, ஒரு ஆஸ்பத்திரி பி.ஆர்.பி.யும் இன்னொன்றும் ஒன்றல்ல. தட்டணு அடர்த்தி மாறும், வெள்ளணு சேர்ந்ததா சேராததா என்பதும் மாறும். ரசத்துக்கு ரசம் வேறு மாதிரிதான்.

திருச்சி டீச்சர்
என் பில்லில் வெறும் 'பி.ஆர்.பி. — 1' என்றுதான் இருக்கிறது. எந்த வகை என்று நாளைக்குப் போன் போட்டுக் கேட்கிறேன். மதுரை தம்பி, அப்பாவுக்கு மறுபடி தைக்கச் சொல்கிறார்களா?

மதுரை, அப்பாவுக்காக எழுதுகிறேன்
சொல்கிறார்கள் டீச்சர். அப்பா மாட்டேன் என்கிறார். இடது கையால் சாப்பிடப் பழகிவிட்டார்.