கிட்டார் ‘செட்டப்’: தமிழில் என்ன சொல்? (வெள்ளிக்குள் வேண்டும்)

திங்கள், இரவு 9.40

குழுவினர் அனைவருக்கும் வணக்கம்.

கோவையில் ஒரு பாலிடெக்னிக்கில் மாணவர்களுக்கு இரண்டு நாள் பயிற்சி நடக்கப் போகிறது. கடையில் ஆயத்த கிட்டார் வாங்காமல், பாகங்களாக வாங்கி மின்கிட்டாரைத் தாங்களே பூட்டப் போகிறார்கள். அதற்கான பதினான்கு பக்கக் கையேட்டைத் தமிழாக்குகிறேன். வெள்ளி மதியம் அச்சுக்குப் போக வேண்டும்.

கழுத்து, உடல், குதிரை (தந்தியைத் தாங்கும் ‘பிரிட்ஜ்’), முறுக்காணி என்று பாகங்களுக்கெல்லாம் சொல் கிடைத்துவிட்டது. சிக்கல் கடைசிப் பகுதியில்தான். அதன் தலைப்பே ‘செட்டப்’. திருகுகளை முடுக்கி, ஒயர்களைப் பற்றவைத்து முடித்த பிறகு செய்கிற வேலை இது. கழுத்தின் வளைவைப் பார்ப்பது, தந்தியின் உயரத்தை வைப்பது, எல்லா மெட்டிலும் (கழுத்தின் குறுக்கே பதித்த ‘ஃப்ரெட்’ கம்பி) சுருதி சரியாக விழும்படி குதிரையை நகர்த்துவது, எல்லாம் சேர்ந்து ஒரே பெயர்.

‘செட்டப்’ என்றே போட எனக்கு மனமில்லை. பேச்சுத் தமிழில் அதற்கு வேறு பொருள் ஏறிவிட்டது. ‘செட்டப் செய்த கிட்டார்’ என்றால் ஏதோ ஏமாற்று வேலை போலத் தோன்றும். ‘அமைப்பு’ கைபேசிக்குப் போய்விட்டது. ‘சீரமைப்பு’ என்றால் கெட்டதைச் சரிசெய்வது. இங்கே எதுவும் கெடவில்லை, கருவி இப்போதுதான் பிறக்கிறது. உதவுங்கள்.

– ம.

செவ்வாய், காலை 5.55

ம. தம்பிக்கு,

சொல் ஏற்கெனவே இருக்கிறது: பண்ணல். சிலப்பதிகாரத்துக் கானல்வரியில் மாதவி யாழைக் கையில் வாங்கியதும் செய்கிற எட்டுச் செயல்களில் முதலாவது அது. பாட நினைத்த பண்ணுக்கு ஏற்ப நரம்புகளை இறுக்கி நிறுத்துவது. அடுத்தது நரம்பைத் தடவிப் பார்க்கும் பரிவட்டணை, மூன்றாவது ஆராய்தல். வாசித்துப் பார்ப்பதற்கு முன் கருவியைப் பண்ணுக்கு உரியதாக்கும் வேலைக்கு நம்மவர்கள் தனிப்பெயர் வைத்திருக்கும்போது நாம் ஏன் புதிதாகத் தேட வேண்டும்?

இன்னும் இரண்டு வேண்டுகோள். ‘தந்தி’ வடசொல், ‘நரம்பு’ என்று எழுதுங்கள். ‘மெட்டு’க்குப் பதில் திவவு என்ற சங்கச் சொல்லை மீட்கலாம். பொருநராற்றுப்படை அதை மாயோளின் முன்கையில் அணிந்த தொடிக்கு ஒப்பிடுகிறது. கிட்டாரின் கழுத்தில் வரிசையாகக் கிடக்கும் உலோகக் கம்பிகளைப் பாருங்கள், வளையல் அடுக்கேதான்.

– வே.

செவ்வாய், காலை 8.20

வே. ஐயாவுக்கு வணக்கம்.

உவமை அழகு, ஆனால் திவவு வேறு ஐயா. யாழின் தண்டில் நரம்பை இறுக்கிக் கட்டும் வார்க்கட்டு அது. யாழில் ஒவ்வொரு நரம்பும் ஒரே சுரம் தருகிறது. விரலால் அழுத்திச் சுரம் மாற்ற அங்கே இடமில்லை. அழுத்தும் இடம் வீணையில்தான் வருகிறது. அதற்கு மெட்டு என்று தஞ்சாவூரில் பட்டறைக்காரர் முதல் பாட்டு வாத்தியார் வரை எல்லோரும் சொல்கிறார்கள். உயிரோடு இருக்கிற சொல்லை எடுத்துவிட்டு, பொருள் மாறுகிற சொல்லை வைக்க வேண்டாம்.

ம. கேட்டதற்கும் பட்டறையில் சொல் உண்டு: மேளம் கட்டுதல். என் வீணைக்கு மேளம் கட்டும்போது பக்கத்திலேயே உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். தண்டியின், அதாவது வீணைக் கழுத்தின், மேல் இரண்டு வரிசையாகக் கரிய மெழுகு. அதில் 24 வெண்கல மெட்டுகள். கைவினைஞர் ஒவ்வொரு மெட்டையும் மெழுகில் வைத்து, மீட்டி, கேட்டு, நூலளவு நகர்த்தி, மறுபடி மீட்டினார். பன்னிரண்டாவது மெட்டுக்கு வந்தபோது மேலே சுற்றிய விசிறியை நிறுத்தச் சொன்னார், காதுக்கு இடைஞ்சலாம். மரவேலை செய்தவர் வேறு ஆள், இவர் வேறு ஆள். மேளம் கட்டாத வீணை மரச்சாமான்தான்.

– சு.

செவ்வாய், மாலை 6.10

எல்லாருக்கும் வணக்கம், யாழ்ப்பாணத்திலிருந்து.

சு. அக்கா சொன்ன மேளம் கட்டுதல் எனக்கு நல்லாப் பிடிச்சிருக்கு. ஆனால் கிற்றாருக்குப் பொருந்துமா என்று யோசிக்க வேணும். வீணையில் குதிரை நிற்கிறது, மெட்டு நகர்கிறது. கிற்றாரில் நேரெதிர். மெட்டின் இடத்தைக் கணக்குப் போட்டு மரத்தில் அறுத்துவிடுகிறார்கள். ஃபெண்டர் நிறுவன வகைக்குத் தந்தியின் நீளம் 648 மில்லிமீற்றர். தலைப்பக்கத்திலிருந்து அளந்தால் முதல் மெட்டு 36.37இல், பன்னிரண்டாவது சரிபாதியில், 324இல். ஒவ்வொரு மெட்டுக்கும் மிச்ச நீளத்தை 1.05946 ஆல் வகுத்துக்கொண்டு போவார்கள். அதற்குப் பிறகு மெட்டை யாராலும் அசைக்க ஏலாது. பிழை இருந்தால் குதிரையைத்தான் முன்னும் பின்னும் நகர்த்த வேணும். அப்போ கட்டப்படுவது மேளம் இல்லையே?

இன்னொன்று, கையேட்டில் ‘கிட்டார்’ என்று போட்டிருக்கிறீங்கள். நாங்கள் ‘கிற்றார்’ என்று எழுதுவோம். இதைப் பற்றி 2 வருடத்துக்கு முன்னமே இங்கே கதைத்து முடிவில்லாமல் விட்டோம், இப்பவும் விடுவோம்.

‘பூட்டுதல்’ மட்டும் மாற்ற வேண்டாம். சைக்கிளைக் கழட்டிப் பூட்டினான் என்று இங்கே எல்லாரும் சொல்லுவினம்.

– இ.

புதன், காலை 7.30

சென்னையில் இந்த வேலையைத்தான் பதினெட்டு வருடமாகக் கூலிக்குச் செய்கிறேன், அதனால் நானும் எழுதலாம் என்று நினைக்கிறேன்.

முதலில் ‘பண்ணல்’. வே. ஐயா மன்னிக்கணும். என் கடைக்கு வருகிற பையனிடம் “கிட்டார் பண்ணல்” என்றால், “இன்னும் பண்ணலையா, எப்ப வரட்டும்?” என்று கேட்பான். எழுத்தில் பெயர்ச்சொல், காதில் எதிர்மறை வினை.

சொல் எதுவானாலும் ஒரு விஷயம் மாணவர்களுக்குத் தெளிவாகத் தெரிய வேண்டும். பூட்டுவது வேறு, இந்த வேலை வேறு. பூட்டுவதை யாரும் செய்யலாம். 1950இல் லியோ ஃபெண்டர் கொண்டுவந்த வடிவமே அதற்காகத்தான். ரேடியோ பழுதுபார்த்த மனிதர், கிட்டார் வாசிக்கத் தெரியாது. கழுத்தை நான்கு திருகில் உடலோடு பிணைத்தார். கெட்டுப்போனால் கழற்றி வேறு கழுத்து மாட்டலாம். கிப்சன் நிறுவனத்துக்காரர்கள் கழுத்தைப் பசை போட்டு ஒட்டினார்கள், அங்கே அது நடக்காது. பாகம் வாங்கிப் பூட்டும் பழக்கம் முழுக்க அந்த நான்கு திருகிலிருந்து வந்தது.

போன மாதம் ஒரு கல்லூரி மாணவர் தானே பூட்டிய கிட்டாரைக் கொண்டுவந்தார். மரத்தை வழவழப்பாக இழைத்து, எண்ணெய் பூசி, பார்க்கவே ஆசையாக இருந்தது. ஆனால் ‘ங்ங்’ என்று இரைச்சல், தந்தியில் கையை வைத்தாலும் குறையவில்லை. குதிரையைத் தூக்கிப் பார்த்தேன். அதன் அடியில் வர வேண்டிய தரைக்கம்பி (எர்த் ஒயர்) குழிக்குள்ளேயே சுருண்டு கிடந்தது. அதை வெளியே இழுத்து, முனையைச் சீவி, குதிரைக்கு அடியில் அழுத்தி மாட்டினேன். தந்தியில் கையை வைத்ததும் இரைச்சல் அடங்கியது. இது பூட்டுவதில் வந்த பிழை, ஐந்து நிமிட வேலை. காசு வாங்கவில்லை.

அதற்குப் பிறகுதான் என் வேலை. முதல் மெட்டையும் கடைசி மெட்டையும் அழுத்திப் பிடித்துக்கொண்டு ஏழாவது எட்டாவது மெட்டில் தந்திக்கு அடியில் எவ்வளவு இடைவெளி என்று பார்ப்பேன். கால் மில்லிமீட்டர் இருந்தால் போதும். கூடினால் கழுத்துக்குள் இருக்கும் இரும்புத் தண்டை கால் சுற்று இறுக்கி, மரம் அடங்கக் காத்திருந்து, மறுபடி பார்ப்பேன். அப்புறம் உயரம். பதினேழாவது மெட்டில் 1.6 மில்லிமீட்டர் அளவில் ஆரம்பித்து, வாசிப்பவர் கையைப் பார்த்து மாற்றுவேன். கடைசியில் சுருதி. பன்னிரண்டாவது மெட்டின் மேல் விரலைத் தொட்டும் தொடாமலும் வைத்து ஒரு ஒலி, அழுத்திப் பிடித்து ஒரு ஒலி. இரண்டும் ஒன்றாக வேண்டும். அழுத்தியது கூடுதலாக ஒலித்தால் குதிரையைப் பின்னால் இழுத்துத் தந்தியை நீட்ட வேண்டும். ஆறு தந்திக்கும் இப்படி.

பாகங்களாக வாங்கினால் காசு மிச்சம் என்று நினைத்துத் தொடங்குகிறார்கள். அரம், அளவுகோல், பற்றவைக்கும் கோல் எல்லாம் வாங்கினால் மிச்சமாவது ஒன்றுமில்லை. கற்றுக்கொள்ளத்தான் பூட்ட வேண்டும். ஆனால் கழுத்தின் தலைமாட்டில் தந்தி உட்காரும் பள்ளத்தை அரத்தால் அறுப்பதையாவது முதல் கிட்டாரில் தெரிந்தவரிடம் விடுங்கள். ஒரு இழுப்பு அதிகமானால் தந்தி முதல் மெட்டில் உரசும், அறுத்ததை ஒட்ட வைக்க முடியாது.

– ரா.

புதன், இரவு 10.05

ரா. அவர்களின் மடலை இரண்டு முறை படித்தேன். அவர் திருத்துகிற குறைகளுக்கும் நம்மிடம் பெயர் உண்டு. யாழ் நரம்புக்கு நான்கு குற்றம்: செம்பகை, ஆர்ப்பு, கூடம், அதிர்வு. பண்ணோடு பொருந்தாதது செம்பகை. அளவு மிஞ்சி ஒலிப்பது ஆர்ப்பு. ஓசை மழுங்குவது கூடம். இசை சிதறுவது அதிர்வு. மெட்டில் உரசுவது அதிர்வு, பன்னிரண்டாவது மெட்டில் சுருதி விலகுவது செம்பகை. கையேட்டில் இதை ஒரு பட்டியலாகவே போடலாம்.

திவவைக் கைவிடுகிறேன், சு. அம்மா சொல்வது சரி. மெட்டும் நல்ல தமிழ்தான். மேடு என்பது மெட்டு ஆகும். போடிமெட்டு, குரங்கணி பக்கத்து மலைப் பெயர்களை நினையுங்கள். மட்டத்திலிருந்து எழுந்து நிற்பது மெட்டு. பாட்டின் மெட்டும் இந்த மேட்டின் மேல் விரல் ஏறி இறங்கிப் பிறந்ததுதான் என்பது என் துணிபு. கால்விரலில் எழுந்து நிற்கும் மெட்டியும் அதே வேராக இருக்கலாம். மலையும் மெட்டியும் வீணையும் ஒரே சொல்லுக்குள்!

பாகங்கள் சேர்ந்த கிட்டாருக்கு ஒட்டுக்கிட்டார் என்ன? ஒரே மரத்தில் குடைந்தது ஏகாண்ட வீணை, பாகங்களைச் சேர்த்தது ஒட்டு வீணை அல்லவா?

– வே.

வியாழன், காலை 9.15

ஐயா, வீணை மெட்டுக்குப் பாட்டு மெட்டு பிந்தியது என்று எப்படிச் சொல்ல முடியும்? அதை விட்டுவிடுகிறேன், இன்றைக்கு ம.வுக்கு நேரமில்லை.

ஒட்டு வீணையில் பசை உண்டு. ரா. சொன்னபடி பார்த்தால் ஒட்டியது கிப்சன், திருகியதுதான் ஃபெண்டர். பெயர் தலைகீழாகிவிடும்.

– சு.

வியாழன், காலை 9.50

ஒட்டு என்றால் பசை மட்டும் இல்லை அக்கா. ஒட்டுமாவுக்கு யார் பசை போட்டது? ஒரு மரத்தின் வேர், இன்னொரு மரத்தின் கிளை, காய்க்கிறது ஒரு மரம். கழுத்து ஓரிடம், உடல் ஓரிடம். எனக்கு ஒட்டுக்கிற்றார் சம்மதம். ‘அதிர்வு’ மட்டும் வேண்டாம். பௌதிக வகுப்பில் நான் தந்தியின் அதிர்வு என்றுதான் படிப்பிக்கிறன். அதிராத தந்தியில் ஒலி எங்கே? உரசலை ‘உரசல்’ என்றே சொல்லலாம்.

– இ.

வெள்ளி, காலை 11.20

எல்லோருக்கும் நன்றி. அச்சகத்திலிருந்து இரண்டு முறை அழைத்துவிட்டார்கள். இப்படி முடித்திருக்கிறேன்.

மெட்டு, குதிரை, பூட்டுதல், உரசல் அப்படியே. ‘இசைவமைப்பு’ என்று தனிமடலில் ஒருவர் தந்ததை நேற்று இரவு வரை வைத்திருந்தேன். ஒரு எழுத்து மாறினால் ‘இசையமைப்பு’ ஆகிறது, பிழைதிருத்தியும் அப்படியே மாற்றியது, எடுத்துவிட்டேன். தலைப்பில் பண்ணமைப்பு போட்டிருக்கிறேன். வே. ஐயாவின் பண் இருக்கிறது, ரா. அண்ணன் அஞ்சிய ‘பண்ணல’ இல்லை. நேற்று கருத்துச் சொன்ன ஒன்பது பேரில் ஐந்து பேர் இதற்குச் சம்மதித்தார்கள். முதல் பத்தியில் “வீணைப் பட்டறைகளில் மேளம் கட்டுதல் என்பார்கள்” என்று ஒரு வரி சேர்த்தேன். ரா. அண்ணனின் தரைக்கம்பிக் குறிப்பு ஏழாம் பக்கத்தில் கட்டம் கட்டி வருகிறது.

– ம.

வெள்ளி, மதியம் 1.00

பண்ணமைப்பு என்றால் புதிதாக ஒரு பண்ணை இயற்றுவது என்றுதான் நான் புரிந்துகொள்வேன். என் மறுப்பைப் பதிவு செய்துகொள்ளுங்கள். மெட்டு நகர்ந்தாலும் குதிரை நகர்ந்தாலும் கேட்கிற காது ஒன்றுதான். மேளம் கட்டுதல் என்பதே என் சொல்.

– சு.

வெள்ளி, மதியம் 2.35

கையேடு அச்சில் இருக்கிறது என்று தெரியும், அடுத்த பதிப்புக்காகக் கேட்கிறேன். கழுத்தின் தலைமாட்டில் தந்தி உட்காரும் அந்தப் பள்ளமுள்ள சிறு துண்டுக்கு எட்டாம் பக்கத்தில் ‘நட்டு’ என்று இருக்கிறதே? பாலிடெக்னிக் பையன்கள் ஸ்பானரைத் தேடுவார்கள். அதற்கு என்ன சொல் போடலாம்?

– ரா.