தனியாள் என்றால் நேரமெல்லாம் சபைக்கா?

களக்காட்டுக்காரி:

எல்லோருக்கும் ஸ்தோத்திரம். வயது 38. ஊர் களக்காடு, வேலை பெங்களூரில், வாடகை வீடு லிங்கராஜபுரத்தில். திருமணம் ஆகவில்லை. இனி ஆகலாம், ஆகாமலும் போகலாம். அதைக் கேட்க நான் வரவில்லை. வரன் விவரங்களைத் தயவுசெய்து தனிச்செய்தியில் அனுப்பாதீர்கள்.

எங்கள் தமிழ்ச் சபையில் ஞாயிறு பள்ளி என் பொறுப்பு. பாடகர் குழுவிலும் இருக்கிறேன். விடுமுறை வேதாகமப் பள்ளி வந்தால் என் கோடை விடுப்பு அதோடு போயிற்று. அறுப்பின் பண்டிகை ஏலத்துக்குக் கணக்கு எழுத, வெளியூர்ப் பிரசங்கியாரைக் கண்டோன்மென்ட் ஸ்டேஷனிலிருந்து அழைத்துவர, எதற்கும் முதலில் அடிபடுவது என் பெயர்தான். தயங்கினால், "உனக்கென்ன, பிள்ளையா குட்டியா, நேரம் இருக்குமே" என்கிறார்கள். ஆயர் கொஞ்சம் நாகரிகமானவர். வேதாகமத்தில் 1 கொரிந்தியர் 7-ஐத் திறந்து, மணமாகாதவள் கர்த்தருக்குரியவற்றையே நினைத்திருப்பாள் என்று பவுல் எழுதியதைக் காட்டுகிறார். பிளாஸ்டிக் நாற்காலி எண்ணுவதும் அதில் சேர்த்தியா என்று கேட்க நுனிநாக்கு வரை வந்தது.

அதே சபையில் திருமண நாள் வரும் தம்பதிகளை முன்னால் அழைத்து ஜெபிப்பார்கள். நல்ல வழக்கம், குறை சொல்லவில்லை. ஆனால் குடும்ப முகாமுக்குக் கட்டணம் "குடும்பம் ஒன்றுக்கு" என்றிருக்கும். என் பெயரை எந்தக் கட்டத்தில் எழுதுவது என்று படிவம் கொடுத்தவருக்கே தெரியவில்லை.

தோனாவூரில் பிள்ளைகளை வளர்த்த மிஷனரி ஏமி கார்மைக்கேலைச் சொல்ல வருகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. தோனாவூர் எங்கள் ஊருக்குப் பக்கம். அவர் 1895-இல் இந்தியாவில் முதலில் பணிக்கு வந்தது இதே பெங்களூருக்குத்தான் என்பதும், 1951-இல் இறக்கும்வரை மணம் செய்யவில்லை என்பதும் எனக்குச் சிறுவயதுப் பாடம். ஆனால் அவருக்கு "அம்மா" என்று கூப்பிட ஒரு வளாகம் நிறையப் பிள்ளைகள் இருந்தார்கள். நான் மாலையில் திரும்புவது பூட்டிய வீட்டுக்கு.

கேட்டதற்கெல்லாம் தலையாட்டினால்தான் தனியாக வாழும் கிறிஸ்தவள் தேவனுக்கு உண்மையுள்ளவளா? மறுத்தால் சுயநலமா? இன்னொன்று: சேமிப்பில் சிறிய அடுக்குமாடி வீடு வாங்க நினைக்கிறேன். "வருகிற மாப்பிள்ளை முடிவு செய்யட்டும்" என்று வீட்டில் தடுக்கிறார்கள்.

கம்மனஹள்ளி மாமா:

தனிச்செய்தி வேண்டாம் என்றதால் இங்கேயே எழுதுகிறேன். என் மைத்துனருக்கு 42 வயது. இரட்சிக்கப்பட்டவர். சொந்த வீடு இருக்கிறது.

ஃப்ரேசர் டவுன் செவிலி:

மாமா, கொஞ்சம் பொறுங்கள்.

மகளே, நானும் மணமாகாதவள். வேலூரில் செவிலியர் படிப்பு முடித்தேன், ஓய்வு பெறும்வரை மருத்துவமனை வேலைதான். உனக்கு ஏமி அம்மா என்றால் எங்களுக்கு வேலூர் மிஷனரி டாக்டர் ஐடா ஸ்கடர். 1902-இல் மருத்துவமனை, 1909-இல் செவிலியர் பள்ளி, 1918-இல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளி, எல்லாம் மணமாகாத ஒரு பெண் செய்தவை என்பார்கள். கெர்ட்ரூட் டாட் என்ற தோழி கூடவே இருந்து உழைத்ததை யாரும் சொல்வதில்லை. ஏமி அம்மாவும் 1916-இல் மணமாகாத பெண்களைச் சேர்த்து ஒரு சகோதரிகள் குழுவை அமைத்தார். பிள்ளைகள் மட்டும் போதவில்லை, பார்த்தாயா?

சபை வேலையில் பாதியை விடு. அந்த நேரத்தை மூன்று நான்கு பேருக்குக் கொடு. ஞாயிற்றுக்கிழமை மதியம் நான் கீழ்வீட்டாரோடு சாப்பிடுகிறேன். அவர்கள் சின்ன மகள் கணக்குப் போடுவது என் சமையலறையில். என் மாற்றுச் சாவி பாடகர் குழுவிலுள்ள ஒரு விதவை அக்காவிடம் இருக்கிறது. இரவுப் பணியில் பார்த்திருக்கிறேன்: நல்ல வேலையில் இருக்கிற பெண்கள், சேர்க்கைப் படிவத்தில் "உடன் இருப்பவர்" என்ற இடத்தில் பேனாவை வைத்துக்கொண்டு யோசிப்பார்கள். அங்கே எழுத உனக்கு ஒரு பெயர் வேண்டும்.

உடலின் ஆசை பற்றி நம் கூட்டங்களில் யாரும் வாய் திறப்பதில்லை. நாற்பது தாண்டினால் அடங்கிவிடும் என்றார்கள், எனக்கு அடங்கவில்லை. "இந்த வாரம் கஷ்டமாக இருக்கிறது, ஜெபி" என்று வெட்கமில்லாமல் சொல்ல ஒரு தோழி இருந்ததால் கடந்தேன்.

வழக்கறிஞர், சிவாஜிநகர்:

நானும் தனியாள்தான், ஆண் என்பதால் என்னிடம் யாரும் நாற்காலி எண்ணச் சொல்வதில்லை! ஆயரிடம் அதே அதிகாரத்தின் 35-ஆம் வசனத்தையும் வாசிக்கச் சொல்லுங்கள் அக்கா. கண்ணியில் அகப்படுத்த இதைச் சொல்லவில்லை, உங்கள் நன்மைக்கே சொல்கிறேன் என்கிறார் பவுல்.

வீட்டை வாங்குங்கள். கையோடு உயிலும் எழுதுங்கள். நமக்குப் பொருந்துவது 1925-ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டம். கணவரோ பிள்ளைகளோ இல்லாத ஒருவர் உயிலின்றி இறந்தால், அப்பா உயிரோடிருந்தால் சொத்து முழுவதும் அவருக்கே. அம்மாவுக்குப் பங்கு கிடையாது. அப்பா இல்லையென்றால் அம்மாவும் உடன்பிறந்தாரும் சமமாகப் பிரிப்பார்கள். உயிலுக்கு இரண்டு சாட்சிகள் போதும், பதிவு கட்டாயமில்லை. நெருங்கிய உறவினர் உள்ள கிறிஸ்தவர் தர்மத்துக்கு எழுதிவைக்க 118-ஆம் பிரிவு பெரிய தடையாக இருந்தது. 2003-இல் உச்ச நீதிமன்றம் அதைச் செல்லாது என்றது.

களக்காட்டுக்காரி:

செவிலி அம்மா, பாதியை விட மாட்டேன். ஞாயிறு பள்ளி எனக்குப் பிடித்த வேலை, பிள்ளைகளும் என்னைத் தேடுவார்கள். ஏலக் கணக்கையும் ஸ்டேஷன் ஓட்டத்தையும் விட்டுவிட்டேன். ஆயரிடம் நேரிலேயே சொன்னேன். அவர் முகம் சுருங்கியது, ஆனால் மறுக்கவில்லை. இந்த ஞாயிறு எதிர்வீட்டு மலையாளி டீச்சரைச் சாப்பிட அழைத்திருக்கிறேன். அப்பாவிடம் உயில் பேச்சை எப்படி எடுப்பது என்பதுதான் இன்னும் பிடிபடவில்லை.

வக்கீல் தம்பி, பாடகர் குழுத் தோழிகள் இருவரைச் சாட்சி போடச் சொல்லலாமா? அவர்களுக்கு நான் எதுவும் எழுதப் போவதில்லை. ஒருத்திக்கு என் கீபோர்டு மட்டும்.

வழக்கறிஞர், சிவாஜிநகர்:

கீபோர்டுக்காரர் கையெழுத்துப் போட்டால் உயில் செல்லும், கீபோர்டு அவருக்குக் கிடைக்காது அக்கா. அவர் கணவர் போட்டாலும் அப்படித்தான். வேறு ஆளைப் பாருங்கள்.