பிளஸ் மீயொலி நூலகம்: தொகுப்பு பாதியில் நின்றுவிடுகிறது, உதவி தேவை

மத்திகெரே மாணவன் (பெங்களூரு):

வணக்கம். பொறியியல் கல்லூரி ஆய்வகம் ஒன்றில் ஆராய்ச்சி மாணவனாக இருக்கிறேன். மீயொலிப் (அல்ட்ராசவுண்ட்) படத்தையும் உடலில் வைக்கும் உணர்வியான புரோபின் இடநிலையையும் ஒரே நேரத்தில் பதிவுசெய்வதற்காக, கனடாவின் குயின்ஸ் பல்கலைக்கழகத்தில் உருவான பிளஸ் என்னும் திறந்த மூல நூலகத்தை விண்டோஸ் 10 மடிக்கணினியில் நிறுவ நான்கு நாட்களாக முயல்கிறேன். தொகுப்புக்கு முன் நிரலை ஆயத்தம் செய்யும் சிமேக் கருவியின் கட்டமைப்பு பிழையின்றி முடிகிறது. ஆனால் விஷுவல் ஸ்டுடியோவில் தொகுக்க (மூல நிரலை ஓடும் செயலியாக மாற்ற) தொடங்கினால், படங்களைக் கையாளும் ஐடிகே நூலகப் பகுதி ஓடும்போது ஒரு கோப்பைத் திறக்க முடியவில்லை என்று கூறி நின்றுவிடுகிறது. அந்தக் கோப்போ அதே கோப்புறையில் என் கண்ணெதிரே இருக்கிறது. மூன்று முறை அழித்துவிட்டுப் புதிதாகப் பதிவிறக்கியும் அதே இடத்தில்தான் நிற்கிறது. ஆவணங்கள் கோப்புறைக்குள் ஆய்வுத்திட்டத்தின் முழுப்பெயர், அதனுள் ஆண்டு, அதனுள் மென்பொருள் என்று எல்லாவற்றையும் ஒழுங்காகவே அடுக்கி வைத்திருக்கிறேன்.

ஓய்வுபெற்ற நிரலர் (ஜெயநகர்):

அந்த ஒழுங்குதான் தம்பி உங்களைப் படுத்துகிறது. விண்டோஸில் ஒரு கோப்பின் முழுப் பாதை வழக்கமாக 260 எழுத்துகளைத் தாண்டக்கூடாது. பிளஸ் தனக்குத் தேவையான படங்களைத் திரையில் காட்டும் விடிகே, ஐடிகே, கருவிகளின் தரவை வலையில் அனுப்பும் ஓப்பன்ஐஜிடிலிங்க் ஆகிய நூலகங்களைத் தானே இறக்கி, கோப்புறைக்குள் கோப்புறையாக வைத்துத் தொகுப்பதால், நீங்கள் தொடங்கும் இடமே நீளமாக இருந்தால் உள்ளே போகப் போக அந்த எல்லை கடந்துவிடும். கோப்பு உலாவியில் பார்க்கும்போது கோப்பு தெரியும். தொகுக்கும் நிரலால் மட்டும் அதை எட்ட முடியாது. டி வட்டின் வேரில் ஓரெழுத்துப் பெயரில் ஒரு கோப்புறையை உருவாக்கி, இடைவெளியோ தமிழ் எழுத்தோ இல்லாமல், அங்கிருந்து தொடங்குங்கள். நீண்ட பாதைகளை அனுமதிக்கும் அமைப்பு விண்டோஸ் 10-இலேயே உண்டு என்று யாராவது சொல்வார்கள். எல்லாக் கருவிகளும் அதை மதிப்பதில்லை என்பதால் அதை நம்பி உட்கார வேண்டாம். பழைய கோப்புறையை அப்படியே நகர்த்தவும் கூடாது, ஏனெனில் சிமேக் பழைய பாதையை நினைவில் வைத்திருக்கும்.

இன்னொன்றும் கேட்க வேண்டும். விண்டோஸுக்கு ஆயத்த நிறுவிகள் கிடைக்கும்போது மூல நிரலிலிருந்து தொகுக்க வேண்டிய அவசியம் என்ன?

மத்திகெரே மாணவன்:

நன்றி ஐயா. எங்கள் ஆய்வகமே செய்த இடமறி கருவி ஒன்றுக்கு இயக்கியை (டிரைவர்) எழுதிச் சேர்க்க வேண்டியிருப்பதால் மூல நிரல் தேவைப்படுகிறது. நீங்கள் சொன்னபடி இடத்தை மாற்றினேன். இரவு முழுவதும் ஓடி, காலையில் தொகுப்பு முடிந்திருந்தது. ஆனால் கருவியின் தரவைப் பிற நிரல்களுக்கு அனுப்பும் பிளஸ்சர்வரைத் திறந்து ஆய்வக ஸ்கேன் கருவியின் அமைவுக் கோப்பைக் கொடுத்தால், அப்படி ஒரு கருவி வகையே தெரியாது என்கிறது. வீட்டில் வைத்துச் சோதிப்பதற்குப் பழைய யுஎஸ்பி புரோப் ஒன்றை வாங்கலாமா என்றும் யோசிக்கிறேன்.

மருத்துவக் கருவிப் பொறியாளர் (ஒயிட்ஃபீல்டு):

கடைசி வரிக்கு முதலில் பதில் சொல்கிறேன்: வாங்காதீர்கள். 1994ஆம் ஆண்டின் பாலினத் தேர்வுத் தடைச் சட்டத்தின்படி, பதிவு பெறாதவர்களுக்கு மீயொலிக் கருவியை விற்பதே குற்றம். பதிவு பெற்ற ஆய்வகத்தோடு அந்த வேலையை நிறுத்திக்கொள்வதே நல்லது.

சர்வர் சொல்வது சரிதான். கருவிகளுக்கான ஆதரவு பெரும்பாலும் தொகுக்கும்போது தானாகச் சேர்வதில்லை. சிமேக்கில் அந்தக் கருவிக்குரிய தெரிவை இயக்கி, தயாரிப்பாளர் தரும் எஸ்டிகே (நிரல் எழுதுவோருக்கான மென்பொருள் தொகுதி) இருக்கும் இடத்தையும் காட்டி, மறுபடி தொகுக்க வேண்டும். எஸ்டிகே 32 பிட்டாக இருந்தால் பிளஸும் 32 பிட்டாகவே இருக்க வேண்டும்; இரண்டும் கலந்தால் இணைப்புக் கட்டத்தில் புரியாத பிழைகளாகக் கொட்டும்.

ஆனால் அதற்கு முன் கருவியே இல்லாமல் ஓட்டிப் பாருங்கள். பதிவான படவரிசையைக் கருவிபோல் திருப்பி ஓட்டும் மாதிரி அமைவுக் கோப்புகள் பிளஸுடன் வருகின்றன. அவற்றில் ஒன்றைச் சர்வரில் திறந்து, மருத்துவப் படங்களைக் காட்டும் 3டி ஸ்லைசர் மென்பொருளில் ஓப்பன்ஐஜிடிலிங்க் நீட்சியை நிறுவி, அதே கணினியின் 18944 துறைக்கு (போர்ட்) இணைப்புக் கொடுத்தால் படம் ஓட வேண்டும். ஓடினால் நூலகமும் வலை இணைப்பும் நலம், இனி சந்தேகம் கருவியின் பக்கம் மட்டுமே. ஓடாவிட்டால் முதலில் விண்டோஸ் தீச்சுவரை (ஃபயர்வால்) பாருங்கள்.

மத்திகெரே மாணவன்:

மாதிரிக் கோப்பு முதல் முயற்சியிலேயே ஓடியது. எஸ்டிகே 64 பிட்டாக இருந்ததால் அதிலும் தொல்லை இல்லை. இன்று ஆய்வகக் கருவியிலிருந்தே படம் வந்துவிட்டது, அக்கா. ஒரே குறை, படம் இடவலமாக மாறித் தெரிகிறது. ஸ்லைசரில் திருப்பிவிட்டால் போதுமா?

மருத்துவக் கருவிப் பொறியாளர்:

போதாது, அங்கே திருப்பினால் கண்ணுக்கு மட்டும் சரியாகும், பதிவாகும் தரவு தவறாகவே இருக்கும். அமைவுக் கோப்பில் படத்தின் திசையைக் குறிக்கும் இரண்டு ஆங்கில எழுத்துகளைத் தேடுங்கள். முதலெழுத்து எம் என்றால் புரோபில் குறியிட்ட பக்கம், யு என்றால் குறியில்லாத பக்கம்; இரண்டாம் எழுத்து எஃப் என்றால் புரோபிலிருந்து விலகிச் செல்லும் திசை, என் என்றால் அதை நோக்கி வரும் திசை. ஊகிக்க வேண்டாம். ஜெல் தடவி, குறியிட்ட ஓரத்தை மட்டும் விரலால் தொட்டு, படத்தில் எந்தப் பக்கம் அசைகிறது என்று பார்த்துவிட்டு எழுத்தை மாற்றுங்கள்.

ஓய்வுபெற்ற நிரலர்:

அந்த எழுத்தை மாற்றினால், படத்தைப் புரோபின் இடநிலையோடு பொருத்த ஏற்கெனவே செய்த அளவுத்திருத்தம் செல்லாது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அதைச் செய்யும் பிளஸின் எஃப்கால் செயலியை மறுபடி ஓட்ட வேண்டும்.

மருத்துவக் கருவிப் பொறியாளர்:

ஆம். தண்ணீரில் கட்டிய நூல்களைப் படமெடுத்துத்தான் அந்த அளவுத்திருத்தம் நடக்கிறது; ஆகவே ஓட்டும்போது தண்ணீரின் வெப்பத்தையும் பாருங்கள். ஸ்கேன் கருவி ஒலியின் வேகத்தை நொடிக்கு 1540 மீட்டர் என்று வைத்துக் கணக்கிடுகிறது. நம் ஊர் அறை வெப்பத்தில் தண்ணீரில் அது 1500-க்குச் சற்றுக் குறைவு. அதனால் 10 சென்டிமீட்டர் ஆழத்தில் இருக்கும் நூல் சுமார் 3 மில்லிமீட்டர் கூடுதல் ஆழத்தில் தெரியும். ஏறத்தாழ 48 டிகிரி செல்சியஸில் இரண்டு வேகமும் ஒத்துவரும். ஆனால் அந்தச் சூட்டைப் புரோப் தாங்குமா என்று அதன் கையேட்டைப் பார்க்காமல் தண்ணீரில் இறக்கிவிடாதீர்கள்.