ஒரே குதிரைக்கு டிரெஸ்ஸாஜும் (திடலில் நுணுக்கமான அசைவுப் பயிற்சி) எண்டியூரன்ஸும் (நெடுந்தூரச் சவாரிப் போட்டி): உங்களுக்கு நடந்ததைச் சொல்லுங்கள்

ஆபர்ன்வாசி:
கலிஃபோர்னியாவில் டெவிஸ் கோப்பை என்ற நூறு மைல் குதிரைச் சவாரிக்காரர்கள் போகும் பாதைதான், ஆபர்ன் பக்கம் அமெரிக்கன் ஆற்றுப் பள்ளத்தாக்கு. அந்தச் சரளைக்கல் எப்படியிருக்கும் என்று உங்களுக்கே தெரியும். என் அரபுக் குதிரைக்குக் குளிர்காலம் முழுக்க 20 மீட்டர் வட்டம், ஷோல்டர்-இன் (தோளை உள்பக்கம் திருப்பிச் சாய்வாக நடப்பது) என்றுதான் பயிற்சி. கடிவாள வாரை லேசாகப் பிடித்தாலே கழுத்தை வளைத்துக் கொடுக்கும். அன்றைக்குப் பாதி இறக்கத்தில் வாரை வெடுக்கென்று என் விரலிலிருந்து பிடுங்கியது. மூக்கு தரையைத் தொடுகிற அளவுக்குத் தலையைத் தாழ்த்தி, ஒவ்வொரு குளம்பையும் இடம் பார்த்து வைத்து இறங்கியது. சமதரை வந்ததும் தானாகவே பழையபடி கழுத்தை வளைத்துக்கொண்டது! பயிற்சியாளர், "சொல்பேச்சு கேட்கவில்லை, அடுத்த தடவை விடாதே" என்கிறார். எனக்கு மனசு ஒப்பவில்லை. யாருக்காவது இப்படி நடந்திருக்கிறதா?

லாயத்துக்காரன், அபுதாபி:
இங்கே எல்லாம் மணல், கல் விஷயம் எனக்குத் தெரியாது அண்ணே. நான் பார்த்தது வெட் கேட்டில், அதாவது போட்டிக்கு நடுவே கால்நடை மருத்துவர் சோதிக்கும் இடத்தில். அன்றைய வரம்பு நிமிடத்துக்கு 64 இதயத்துடிப்பு. துடிப்பு அதற்கு இறங்காமல் உள்ளே காட்ட முடியாது, நேரமோ ஓடிக்கொண்டே இருக்கும். எங்கள் சாம்பல் குதிரை டிரெஸ்ஸாஜ் லாயத்திலிருந்து வந்தது. "ஆடுகிற குதிரையை வைத்து என்ன செய்ய" என்று முதலாளி பக்கத்து ஆட்களே சிரித்தார்கள். பாட்டில் பாட்டிலாகத் தண்ணீர் ஊற்றுகிறோம், பக்கத்துக் குதிரை கயிற்றைச் சுற்றிச் சுற்றி வருகிறது, இது நாலு காலையும் சமமாக ஊன்றி நின்றது. துடிப்பு மளமளவென்று இறங்கிவிட்டது. மருத்துவர் முன்னால் டிராட் (துள்ளோட்டம்) காட்டும்போதும் கயிறு தொய்வாகவே இருந்தது, என் தோளை ஒட்டியே ஓடி வந்தது. சிரித்தவர்கள் அப்புறமும் ஒரு வார்த்தை நல்லதாகச் சொல்லவில்லை. அதுதான் எரிச்சல்.

பெங்களூர் சவாரி:
ஆபர்ன் நண்பரே, பயிற்சியாளர் சொன்னது தப்பு. அதற்காக டிரெஸ்ஸாஜைக் குறை சொல்லாதீர்கள். தேர்விலேயே நீள வாரில் நடக்கவிட்டு, கழுத்தை நீட்டுகிறதா என்று பார்த்துத்தான் மதிப்பெண் போடுகிறார்கள். 60க்கு 20 மீட்டர் டிரெஸ்ஸாஜ் திடலின் சமமணலில் குனிந்து பார்க்க என்ன இருக்கிறது? என்னிடம் வந்த குதிரை நீண்ட சவாரிகளில் பழகியது, வலது பக்கம் வளையவே வளையாது. முன்பு ஓட்டியவர் டிராட்டில் எப்போதும் குதிரையின் ஒரே முன்னங்காலின் அசைவுக்குத்தான் எழுந்து உட்காருவாராம். அதனால் நீங்களும் அடிக்கடி கால் மாற்றி எழுங்கள். சேணத்தை இறக்கியதும் முதுகெலும்பின் இரண்டு பக்கமும் விரலால் அழுத்திக்கொண்டே போங்கள், எங்காவது முதுகைத் தாழ்த்தினால் முதலில் சேணத்தைச் சந்தேகப்படுங்கள். நீண்ட சவாரிக்கு மறுநாள் வட்டமே வேண்டாம், மேய விடுங்கள் அல்லது கையில் பிடித்து நடத்துங்கள். வயிற்றுவாரையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள், வியர்வை காய்ந்து உப்பாகி உரசும்.

லாயத்துக்காரன், அபுதாபி:
அவர் முதுகைப் பற்றிக் கேட்கவே இல்லையே சார்.

ஆபர்ன்வாசி:
முதுகு நன்றாகத்தான் இருக்கிறது, அழுத்திப் பார்த்துவிட்டேன். டிரெஸ்ஸாஜை நான் எங்கே குறை சொன்னேன்? அடுத்த இறக்கத்தில் நான் வாரை விட்டுவிடுவேன். பயிற்சியாளரும் கூட வருவார், அவரிடம் என்ன சொல்வது என்பதுதான் பிரச்சினை.