ஹோட்டல் இன்டர்வியூக்கு என்ன பதில் சொல்றது, தெரிஞ்சவங்க சொல்லுங்க

அண்ணாமாரே அக்காமாரே, தம்பிக்கு வார கிழமை நுவரெலியா ஹோட்டல் ஒன்டுல ரிசெப்ஷன் வேலைக்கு இன்டர்வியூ, ஏ.எல் (உயர்தரம்) முடிச்சி கொழும்புல கடையில நின்னவன், நாங்க அட்டன் பக்கம் தோட்டம். "உங்கள பத்தி சொல்லுங்க"ன்னா அப்பா பேரு, ஊரு, ஸ்கூல்னு ஆரம்பிக்கிறான், அதெல்லாம் சி.வி.யில (பயோடேட்டால) அவங்க பாத்திருப்பாங்கதானே? கடையில கோவமா வார கஸ்டமர சமாளிச்சத சொல்ல சொன்னேன், சரியா? பலவீனம் என்னனு கேட்டா இங்கிலீஷ் கொஞ்சம் தடுமாறும், இப்ப படிக்கிறேன்னு உண்மையவே சொல்லலாமா, இல்ல வேலைய கெடுத்துக்குற மாதிரி ஆகுமா? முக்கியமா சம்பளம். எவ்ளோ எதிர்பாக்குறீங்கன்னா பேசிக் சம்பளத்த மட்டும் சொல்லணுமா, சர்வீஸ் சார்ஜும் (கஸ்டமர் பில்லுல எடுத்து ஸ்டாஃபுக்கு பிரிச்சி குடுக்குறது) சேத்தா? இ.பி.எஃப்புக்கு (ஊழியர் சேமலாப நிதி) வேற சம்பளத்துல 8% வெட்டுவாங்க. ஹோட்டல்ல வேலை செய்றவங்க இருந்தா கட்டாயம் கமெண்ட் பண்ணுங்க, சிங்களத்துல கேட்டா பிரச்சினை இல்ல, நல்லா பேசுவான்.