விசுவாசப் பிரமாணமும் ஒரு கல்லறைச் சுவரும்

வேப்பேரி, ஓய்வுநாள் பள்ளி ஆசிரியை:

திருச்சபையின் முழு உறுப்பினராகப் பிள்ளைகளை ஆயத்தப்படுத்தும் திடப்படுத்தல் வகுப்பில், ஆராதனையில் எல்லாரும் சேர்ந்து சொல்லும் நம்பிக்கை அறிக்கையான விசுவாசப் பிரமாணத்தை நடத்திக்கொண்டிருந்தேன். ‘பரிசுத்தவான்களுடைய ஐக்கியமும்’ என்ற இடத்தில் பதினொன்றாம் வகுப்புப் பெண் ஒருத்தி எழுந்தாள். “அக்கா, தாத்தாவை அடக்கம் செய்ய ஊருக்குப் போயிருந்தோம். கல்லறைத் தோட்டத்தின் நடுவே சுவர் இருக்கிறது. எங்கள் சாதிக்கு ஒரு பக்கம், மற்றவர்களுக்கு மறுபக்கம். இரண்டு பக்கத்தாரும் இதே பிரமாணத்தைத்தானே சொல்கிறார்கள்?”

எங்கள் காலத்தில் பிதா, குமாரன், பரிசுத்த ஆவி மூவரும் ஒரே கடவுள் என்னும் திரித்துவத்தை எப்படி விளக்குவது என்பதுதான் பெரிய கேள்வி. இவள் கேட்டது வேறு. பாடப் புத்தகத்தை மூடிவிட்டு, வேதாகமத்தில் பவுல் எழுதிய கலாத்தியர் நிருபத்தின் 2ஆம் அதிகாரத்தை வாசிக்கச் சொன்னேன். அந்தியோகியாவில் யூதரல்லாத புறஜாதியாரோடு ஒன்றாய்ச் சாப்பிட்டுவந்த பேதுரு, எருசலேம் சபைத் தலைவர் யாக்கோபிடமிருந்து சிலர் வந்ததும் விலகிப் பிரிந்தார். பவுல் அவரை முகமுகமாய் எதிர்த்தார். பந்தியில் பிரிந்து உட்காருவது சுவிசேஷத்தையே மறுப்பது என்று பவுல் கண்டதைப் பிள்ளைகள் தாங்களாகவே எடுத்துச் சொன்னார்கள். எனக்கு உடல் சிலிர்த்தது.

இங்கே கீழ்ப்பாக்கத்தில், குருகுல் இறையியல் கல்லூரியில் தலித் இறையியல் துறைக்குத் தலைமை வகித்த அரவிந்த் நிர்மலைப் பற்றியும் சொன்னேன். இயேசுவையே தலித்தாகக் கண்டவர் அவர். அந்தப் பெண் பெயரை நோட்டில் எழுதிக்கொண்டாள். நற்செய்தி அவளுக்கு அன்றுதான் சொல்லப்பட்டது என்றே நினைக்கிறேன்.

தாம்பரம், ஓய்வுபெற்ற பேராசிரியர்:

சகோதரி, இது சென்னைக்குப் புதிதல்ல. 1938 டிசம்பரில் சென்னை கிறித்தவக் கல்லூரியில் உலக மிஷனரி மாநாடு கூடியது. அதையொட்டி இந்தியக் கிறிஸ்தவச் சிந்தனையாளர்களான செஞ்சையா, சக்கரை முதலியோர் இந்தியாவில் கிறிஸ்தவத்தை மறுபடி சிந்திக்க வேண்டும் என்று புத்தகமே வெளியிட்டார்கள். மேற்கத்தியத் திருச்சபை அமைப்பை அப்படியே சுமக்க அவர்கள் மறுத்தார்கள், கிறிஸ்துவை மறுக்கவில்லை. சக்கரை தொழிற்சங்கத் தலைவர், சென்னையின் மேயராகவும் இருந்தவர். அவர்களும் சாதியை இன்னும் நேராகத் தொட்டிருக்கலாம் என்பது என் வருத்தம்.

பெரம்பூர், ஒரு தகப்பன்:

படித்து மகிழ்ந்தேன். ஆனாலும் பயம் இருக்கிறது. தலைமுறைக்குத் தலைமுறை கேள்விக்கு ஏற்ப விளக்கிக்கொண்டே போனால், என் பேரனுக்கு எது மிஞ்சும்?

வேப்பேரி ஆசிரியை:

அண்ணா, பிரமாணத்தில் ஒரு வரியையும் நாங்கள் நீக்கவில்லை. முன்பு ஒப்பித்துவிட்டு எழுந்து போனோம், இப்போது பிள்ளைகள் அதற்குக் கணக்குக் கேட்கிறார்கள். வருகிற ஞாயிறு ‘சரீர உயிர்த்தெழுதல்’ பகுதி. உங்கள் பிள்ளைகளையும் அனுப்புங்கள், முடிந்தால் நீங்களும் வந்து உட்காருங்கள்.