‘போலிப் புடைப்பு’ என்ற சொல் வேண்டாமே: கழுத்துத் தமனிக் கலைச்சொற்கள் குறித்து

அன்புள்ள குழும நண்பர்களுக்கு,

வணக்கம். தமனியின் சுவர் ஓரிடத்தில் உப்பும் அனியூரிசத்துக்கு ‘நாளப் புடைப்பு’ என்றும், அப்படி உப்பிய இடத்தில் சுவரின் அடுக்குகள் முழுமையாக இல்லாத சூடோஅனியூரிசத்துக்கு ‘போலி நாளப் புடைப்பு’ என்றும் நம் குழுமத்தில் முன்வைக்கப்பட்ட கழுத்துத் தமனிச் சொற்களில், ‘புடைப்பு’ என்பதை முழுமனத்துடன் ஏற்கிறேன். ‘வீக்கம்’ என்றால் அடிபட்டுக் கன்றிய இடமே நினைவுக்கு வரும். ‘நெளிவு’ என்பதோ வளைந்து வளைந்து செல்லும் குழாயைச் சொல்ல நமக்குத் தேவைப்படும். சுவர் நலிந்த ஓரிடத்தில் மட்டும் சைக்கிள் டியூப் உப்பி நிற்பதைப் போன்ற இந்நிலைக்குப் புடைப்பே பொருந்துகிறது.

‘நாளம்’ இடறுகிறது. தமிழ்நாட்டுப் பாடநூல்களில் அது தமனி, சிரை இரண்டுக்கும் பொதுச்சொல். இலங்கைப் பாடநூல்களில் தமனிக்குப் பெயர் நாடி, சிரைக்குப் பெயர் நாளம். 19ஆம் நூற்றாண்டிலேயே யாழ்ப்பாணத்து மானிப்பாயில் அமெரிக்க மிஷன் மருத்துவர் சாமுவேல் ஃபிஸ்க் கிறீன் தமிழில் மருத்துவம் கற்பித்திருக்க, இன்று நாம் ஆக்கும் சொல்லை அங்குள்ள மாணவர் சிரைநோய் என்று படிக்க நேர்வது முறையாகாது. ஆகவே ‘தமனிப் புடைப்பு’ என்றே வைத்துக்கொள்வோம்.

என் முதன்மையான மறுப்பு ‘போலி’ என்பதன் மீதுதான். தமனியின் உட்சுவர் கிழிந்து, குருதி சுவரின் அடுக்குகளுக்கிடையே புகுந்து வெளிப்புறமாகத் தள்ளுவதால் உண்டாகும் புடைப்பில், சுவரின் மூன்று அடுக்குகளும் முழுமையாக இருப்பதில்லை. ‘சூடோ’ என்ற முன்னொட்டு அதை மட்டுமே குறிக்கிறது, புடைப்பைப் பொய் என்று சொல்லவில்லை. அறிக்கையில் ‘போலி’ என்று கண்டவர் தமக்கு நோயே இல்லையென்று எண்ணி அடுத்த ஸ்கேனுக்கு வராமல் போனால், அந்தப் பிழையில் சொல்லாக்கியவருக்கும் பங்குண்டு.

ஏனெனில், இது ஒருமுறை பார்த்து முடிக்கிற நோயன்று. ஊடுகதிர் இல்லாததால் எம்.ஆர்.ஐ. படத்தை மாதங்கள் இடைவெளியில் திரும்பத் திரும்ப எடுக்க முடிகிறது. கொழுப்பின் ஒளிர்வை அடக்கி எடுத்த டி1 என்ற வகை எம்.ஆர்.ஐ. படத்தில், சுவருக்குள் தேங்கிய குருதி தமனியின் குறுக்குவெட்டை ஒட்டி வெண்பிறையாகத் தெரியும். முதல் சில நாட்களில் அந்த வெண்மை தெரியாமலும் இருக்கலாம். குருதியிலுள்ள ஹீமோகுளோபின் மெத்ஹீமோகுளோபினாக மாறிய பிறகே அது துலங்கும், பின்னர் சில மாதங்களில் மங்கிவிடும். பிறை மறைந்த பின்னும் புடைப்பு எஞ்சி நிற்பது உண்டு. பெரும்பாலும் அது அப்படியே இருக்கிறது அல்லது சுருங்குகிறது, பெரிதாவது அரிது. அந்த அரிதானதைத் தவறவிடக்கூடாது என்பதற்காகவே, முந்தைய படத்தில் அளந்த அதே மட்டத்தில் விட்டத்தை மீண்டும் அளக்கிறார்கள்.

எனவே அடுக்குகள் பிளந்து உண்டாகும் வகையைச் ‘சுவர்ப்பிளவுப் புடைப்பு’ எனலாம். கத்திக்குத்து போன்ற காயத்தால் சுவர் முழுவதும் துளைபட்டு, சுற்றியுள்ள திசுவே உறையாகிக் குருதியைத் தடுத்து நிற்கும் வகைக்குச் ‘சுற்றுறைப் புடைப்பு’ என்ற சொல்லை முன்வைக்கிறேன். ஆங்கிலத்தில் ஒரே பெயருக்குள் அடைபடும் இரண்டும் தமிழிலாவது பிரிந்து நிற்கட்டும். (கழுத்தின் வழியே தலைக்குக் குருதி கொண்டுசெல்லும் கரோட்டிட் தமனியை மட்டும் ‘கழுத்துத் தமனி’ என்பதையும் தவிர்க்கலாம், முதுகெலும்புத் தமனிகளும் கழுத்தின் வழியாகத்தான் ஏறுகின்றன.)

வினைச்சொற்களிலும் கவனம் வேண்டும். தேங்கிய குருதி கரையும். புடைப்பு கரையாது, சுருங்கும். ஆகவே ஓர் அறிக்கை வரி இப்படி அமையலாம்: ‘சுவர்க்குருதி கரைந்துவிட்டது, சுவர்ப்பிளவுப் புடைப்பு முந்தைய படத்தில் கண்ட அளவிலேயே நீடிக்கிறது.’ இதைவிடச் சுருக்கமான சொல் யாருக்கேனும் தோன்றினால், இதே வரியில் இட்டுப் பார்த்து எழுதுங்கள்.